கண்ணகி வழக்குரை: பாட்டும் ஓசையமைப்பும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதிக்கு எழுவான்கரை என்று பெயர். ஞாயிறு எழும் திசையிலுள்ள கரை என்பது பொருள். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை செல்லும் வீதியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், இக்கரையின்மீது களுவாஞ்சிக்குடி அமைந்திருக்கிறது. அதனைச் சூழ எருவில், மகிழூர், கல்லாறு, செட்டிபாளையம் முதலான ஊர்கள் உள்ளன. வாவியைத் தோணியிற் கடந்தால் மண்டூரும் படுவான்கரை வயல்வெளியும். கச்சான் காற்று அனல்வீசத் தொடங்கும் வைகாசித் திங்களில் இவ்வூர்கள் பலவற்றிலே கண்ணகையம்மன் கோயிற் கதவு திறக்கப்படும். திறந்த நாள்முதல் சடங்கு நிறைவெய்தும்வரை ஒரு நெடுங்காவியம் அங்கே படிக்கப்படும். அதுவே கண்ணகி வழக்குரை என்பது.

படிக்கப்படும் என்று சொன்னோம். இந்நாட்டு வழக்கில் ஏடு படித்தல் என்றால் வாய்விட்டு இசையோடு ஓதுதலே. கண்ணால் எழுத்தைப் பார்த்து மௌனமாக வாசிப்பதற்கு அப்பெயர் இல்லை. ஆதலின் வழக்குரையை ஒரு நூல் என்று கூறுவதிலும், பல இரவுகளுக்கு நீளுகின்ற ஒரு பாட்டு என்று கூறுவது பொருந்தும். அப்பாட்டின் சொல் எத்தகையது, அதன் ஓசை எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

நெடுங்கதையை ஒரே பாட்டாக்கும் வேட்கை பழைமையானது. அது இக்காலத்திலும் ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் நியூ ஜேர்சியைச் சேர்ந்த சிம்பனி எக்ஸ் என்னும் குழுவினர் 2002-ஆம் ஆண்டில் ‘ஒடிசி’ என்ற பாட்டொன்றை வெளியிட்டனர். புரோகிரசிவ் மெற்றல் என்று மேனாட்டார் வழங்கும் இசைவகையைச் சேர்ந்தது அது. மின்கித்தாரும் பெருமுரசும் இடியென முழங்க, தாளக்கணக்கு இடையிடையே மாறிச் செல்லும் வகை. இருபத்துநான்கு காண்டமாக விரிந்த ஹோமரின் காவியத்தை அவர்கள் இருபத்துநான்கு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரே பாட்டாக ஏழு பகுதிகளில் அடக்கினார்கள். வாய்ப்பாட்டு இல்லாத முகப்பிசை முதலில் வரும். பின்னர் ஊர் நோக்கிய பயணம், ஒற்றைக்கண் அரக்கன், மந்திரக்காரி சேர்சி, பாடி மயக்கும் சைரன்கள், கடற்சுழியும் அரக்கியும், ஈற்றில் மனைவியை மணக்க வந்து வீட்டை நிறைத்திருந்தோரை வீரன் அழித்தல். கதையில் இடம் மாறும்போது இசையின் நடையும் மாறுகிறது. இளைஞர்கள் காதிற் கருவியைச் செருகிக்கொண்டு இத்தகைய பாட்டில் ஆழ்ந்திருப்பதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் பலர். அவர்களே வைகாசியில் நள்ளிரவுவரை கோயில் முன்றலிலே அமர்ந்து கேட்பதும் இதே கலையின் மூத்த வடிவம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வழக்குரையின் கதை இளங்கோவடிகள் பாடிய சிலப்பதிகாரக் கதைதான். எனினும் இரண்டும் ஒன்றல்ல. இளங்கோவடிகள் மூன்று காண்டம், முப்பது உட்பிரிவு என வகுத்தார். வழக்குரையும் காதைகளாகவே பகுக்கப்பட்டிருக்கிறது. வரம்பெறு காதை, கப்பல் வைத்த காதை, கடலோட்டு காதை, கலியாணக் காதை, மாதவி அரங்கேற்றம், பொன்னுக்கு மறிப்பு, வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், வழக்குரை, குளிர்ச்சி என்று அது செல்லும். ஏட்டுக்கு ஏடு பெயரும் வரிசையும் சிறிது வேறுபடுவதுண்டு. இப்பெயர்களை மேலோட்டமாக நோக்கினாலே இளங்கோவடிகளிடம் இல்லாதவை சில இருப்பது புலனாகும். அவற்றுள் கடலோட்டும் குளிர்ச்சியும் தலையாயவை. ஒன்று காவியத்தின் முற்பகுதியிலும் மற்றொன்று அதன் முடிவிலும் நின்று பாட்டு முழுவதையும் தாங்குகின்றன.

கடலோட்டு காதையை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணகிக்குச் சிலம்பு செய்யவேண்டும். சிலம்பின் பரலுக்கு நாகமணி வேண்டும். அதனைக் கொண்டுவருவதற்காக மீகாமன் என்பான் கப்பலேறி ஈழத்தை அடுத்த கடலுக்கு வருகிறான். வெடியரசன் முதலியோர் அவனை மறிக்கின்றனர், பெரும்போர் மூளுகிறது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளிலும் வெடியரசன் கதை வழங்கிவந்துள்ளது. சிலப்பதிகாரத்தைப் பாடநூலாகக் கற்றவர்கள் இப்பகுதியைக் கண்டதும், கதைக்குத் தொடர்பில்லாத இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட விரும்புவர். அவ்வாறு ஒதுக்குதல் பிழை. மதுரை அவைக்களத்தில் வழக்கு எதைப்பற்றியது? சிலம்பினுள் இருப்பது மணியா, முத்தா என்பதே அங்கு எழும் வினா. அரசியின் சிலம்பு முத்துப் பரலுடையது. கண்ணகியின் சிலம்பு மணிப் பரலுடையது. சிலம்பு உடைபட்டு மணி தெறிக்கும் அந்த ஒரு கணத்திலே பாண்டியனின் நீதி சாய்கிறது. இளங்கோவடிகள் அந்த மணி எங்கிருந்து வந்தது என்று கூறவில்லை. மட்டக்களப்புக் காவியமோ, அதற்காகச் சிந்திய குருதியையும் உடைந்த மரக்கலங்களையும் முன்கூட்டியே பாடிவைத்துவிடுகிறது. பல இரவுகளின் பின் மணி தெறிக்கும்போது, கடலோட்டைக் கேட்டிருந்தவனுக்கு அது வெறுங்கல் அன்று. முதலில் ஒலித்த இசைத்துணுக்கொன்று நெடுநேரங்கழித்து மீண்டும் எழுந்து பொருள் கொள்வதை மேனாட்டு இசைவல்லார் பெரிதும் போற்றுவர். அதே நுட்பம் இங்கே கதைப்பொருளின் வழியாக நிகழ்கிறது.

இனி ஓசைக்கு வருவோம். தமிழ் யாப்பு நூலார் பாவுக்கு ஓசை வகுத்தது ஏட்டலங்காரத்திற்காக அன்று. வெண்பாவுக்குச் செப்பலோசை, அதாவது ஒருவருக்கு ஒருவர் விடைசொல்வதுபோன்ற நடை. ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, அழைத்துக் கூறுவதுபோல நீண்டு செல்லும். கலிப்பாவுக்குத் துள்ளல். வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். இந்நான்கையும் செவியால் அறியாமல் வாய்பாட்டால் மட்டும் அறிந்த மாணவன், நீந்தத் தெரியாமல் நீச்சலைப்பற்றிப் பரீட்சை எழுதியவனுக்கு ஒப்பாவான். நம் பாடசாலைகளில் தேமா, புளிமா என்று கரும்பலகையில் எழுதுவதோடு யாப்பு முடிந்துவிடுகிறது. வைகாசி இரவொன்றில் ஏடு படிப்போர் அருகே மாணவரை அமர்த்தினால் அப்பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

காவியம் பாடுவோனுக்குப் பா மாற்றம் என்பது நாடகத்தில் திரை மாற்றுவது போன்றது. கதையைக் கூறிச்செல்லும் இடத்திற்கு ஒரு நடை. ஒருவர் மற்றொருவரிடம் பேசும் இடத்திற்கு வேறொரு நடை. போருக்கு முடுகும் சந்தம். புலம்பலுக்கு இழுத்து நிறுத்தும் விருத்தம். விருத்தத்தைத் தாளக்கட்டின்றி, சொல்லின் உணர்ச்சிக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் பாடலாம். தாளத்துக்கு அமைந்த பாட்டிலோ பாடுவோன் காலத்தின் பிடியில் இருக்கிறான். கட்டுற்ற பாட்டும் கட்டற்ற பாட்டும் அடுத்தடுத்து வரும்போது கேட்போனின் மூச்சே மாறுகிறது. பல மணிநேரப் பாட்டு சலிப்புத் தராமைக்கு இதுவே முதற்காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. ஏட்டைப் புரட்டிப் பின்னே பார்க்கும் வசதி கேட்போனுக்கு இல்லை. குழந்தை அழுதால் தாய் எழுந்து போகவேண்டும்; வயலிற் களைத்துவந்தவன் சற்றுக் கண்ணயரவும் கூடும். இவர்கள் மீண்டு வந்து செவிகொடுக்கும்போது பாட்டு அவர்களைக் கைபிடித்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இதனாலேயே செவிக்கென்று எழுந்த காவியங்களில் சொல் மடங்கி வரும். ஒரே விளி பாட்டுக்குப் பாட்டு திரும்பும். ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாகும். ஆடை, அணி, ஊர், மரம் என்று பட்டியல்கள் நீளும். ஏட்டில் மௌனமாக வாசிப்போனுக்கு இவை மிகையாகத் தோன்றுவதுண்டு. அவன் குறைகாணும் இடந்தோறும் கேட்போனுக்கு ஒரு படிக்கட்டு கிடைக்கிறது.

இத்தொடர்பிலே இப்பகுதி ஈன்ற பேரறிஞர் ஒருவரை நினையாமல் இருத்தல் இயலாது. களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கல்முனையையும் கடந்து, காரைதீவிலே 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவும் கண்ணகை வழிபாட்டில் முதிர்ந்த ஊர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் தகுதியைக் கூறும் சில அடிகள் அவரைப் பல்லாண்டு ஆராய்ச்சியில் ஈடுபடுத்தின. அதன் பயன் 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ் நூல். அவ்வாண்டிலேயே சுவாமிகள் மறைந்தார்கள். வழக்கொழிந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு மீட்டெடுக்கும் துணிவு ஒருவருக்கு எங்கிருந்து பிறந்திருக்கும் என்று வினவினால், சிலம்பு என்பது புத்தகமாக மட்டுமன்றிப் பாட்டாகவும் ஒலித்துக்கொண்டிருந்த ஊரிலே அவர் வளர்ந்தார் என்பதையும் விடையின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம்.

ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை இட்டு ஆடவைக்கிறார் இளங்கோவடிகள். மதுரையில் கோவலன் வெட்டுண்ணும் வேளையில் இடைச்சேரியில் இந்த ஆடல் நிகழ்கிறது. கொலையும் குரவையும் அருகருகே. அந்த இடைச்சேரியையே மட்டக்களப்புக் காவியம் இறுதியில் மீண்டும் நாடிச்செல்வதைக் காண்போம்.

அடைக்கலம், கொலைக்களம், வழக்குரை என்னும் மூன்று காதைகளும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே ஏற்றமாகும். அடைக்கலத்தில் நடை தணிந்தது. வழிநடந்து களைத்த இருவரை ஆய்ச்சி ஏற்றுக்கொள்கிறாள், சமையல் நடக்கிறது, கணவன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். கேட்போருக்கு முடிவு தெரியும். தெரிந்த முடிவை நோக்கி இத்தனை மெதுவாக நடக்கும் பாட்டைப்போல நெஞ்சை வருத்துவது வேறில்லை. கொலைக்களத்தில் பாட்டு இரங்கலாக மாறுகிறது. சிலப்பதிகாரத்திலும் கணவன் உடலைத் தழுவிக் கண்ணகி அழும்போது அவன் எழுந்து பேசி மறைகிறான். வழக்குரை மரபில் இந்த உயிர்மீட்சி விரிவு பெற்றுள்ளது. அப்பால் அவைக்களம். அழுகை அங்கே வழக்காகிவிடுகிறது. தனிக்குரலாய்ப் புலம்பியவள் அரசனை நோக்கி வினாத் தொடுக்கிறாள், அவன் விடைகூறுகிறான், அவள் மறுக்கிறாள். பாட்டு உரையாடலாகி, உரையாடல் வாதமாகி, வாதம் நெருப்பாகிறது. காவியம் முழுவதற்கும் இக்காதையின் பெயரையே மட்டக்களப்பு மக்கள் வழங்கியிருப்பது கருதத்தக்கது. இளங்கோவடிகள் அணியின் பெயரால் நூலை அழைத்தார். இவர்கள் நீதி கேட்ட செயலின் பெயரால் அழைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஏழை எளியவர் கூடி, ஒரு பெண் அரசனை அவன் அவையிலேயே வைத்துக் குற்றவாளி ஆக்குவதைக் கேட்கும் ஊர்களில் அப்பெயர் நிலைத்ததில் வியப்பில்லை.

மதுரை எரிந்துவிட்டது. சிம்பனி எக்ஸ் குழுவினரின் பாட்டு வீரனின் வெற்றியோடு முடிகிறது என்று கண்டோம். இங்கும் வெற்றி கிடைத்துவிட்டது, குற்றம் செய்தவன் மாண்டான், நகரம் சாம்பலாயிற்று. பாட்டை இவ்விடத்தில் நிறுத்தினால் என்ன? நிறுத்தினால் தீ அணையாமல் நின்றுவிடும். கண்ணகி உள்ளும் புறமும் எரிந்துகொண்டிருக்கிறாள். அந்த வெம்மை இனி குற்றவாளியை மட்டும் சுடாது. மழையின்மையாகவும் அம்மை நோயாகவும் அது ஊரைச் சுடும் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. இந்நம்பிக்கையின் வித்து சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. அந்நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை, கண்ணகி சீற்றத்தின்பின் பாண்டிநாடு மழை பெய்யாமல் வறுமையுற்று வெப்பு நோயும் குருவும் தொடர்ந்ததென்றும், கொற்கைச் செழியன் சாந்தி செய்தபின் மழை பெய்ததென்றும் கூறுகிறது. இலங்கை மன்னன் கயவாகு கோயிலெடுத்த செய்தியும் அதே பகுதியில் வருகிறது. இளங்கோவடிகளின் நூலிலே சில வரி உரைநடையாக நிற்கும் செய்தி, மட்டக்களப்பிலே தனியொரு காதையாக வளர்ந்தது. அதுவே குளிர்ச்சி.

எரியும் தேவி இடைச்சேரிக்கு வருகிறாள். ஆயர் மகளிர் வெண்ணெயும் குளிர்பொருளும் கொண்டு அவள் வெம்மையைத் தணிக்கின்றனர். பாட்டின் சொல் இங்கே முற்றாக மாறிவிடுகிறது. கதைகூறும் வேலை நின்றுவிட்டது. படிப்போர் இதுவரை அவளைப்பற்றிப் பாடினார்கள். இப்பொழுது அவளை நோக்கிப் பாடுகிறார்கள். அவள் என்ற படர்க்கை நீ என்ற முன்னிலையாகிறது. குளிர வேண்டும் என்ற வேண்டுதல் பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வரும். வளர்ச்சி இல்லை, திருப்பம் இல்லை. ஒரே சொல் அலைபோல் வந்து கரையைத் தடவிச் செல்கிறது. இசைநூலறிவில்லாதவனும் இவ்விடத்தில் ஏதோ தணிவதை உணர்வான். அழுத குழந்தையைத் தோளில் இட்டுத் தட்டும் தாயின் கை எந்தக் கணக்கில் விழுகிறதோ அந்தக் கணக்குத்தான் இதற்கும். பாட்டோடு செயலும் சேர்ந்துகொள்கிறது, வேப்பிலையும் நீரும் கொண்டு குளிர்த்திச் சடங்கு ஆற்றப்படுகிறது, பெண்கள் குரவையிடுகின்றனர்.

வழக்குரையைச் சுற்றிச் சிறு பாடல்களின் கூட்டமொன்றும் உண்டு. தேவி கோயில்கொண்ட ஊர்களைத் தொடுத்துக் கூறும் ஊர்சுற்றுக் காவியம், மழை வேண்டிப் பாடும் மழைக்காவியம், உடுக்கின் அடிக்கு இசையும் உடுக்குச் சிந்து என்பன அவை. ஊர்சுற்றுக் காவியத்தில் தம்பிலுவில், கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம் என்று தம் ஊர்ப்பெயர் வரும்போது கேட்போர் நிமிர்ந்து உட்காருவர். சிங்கள மக்களும் இத்தேவியைப் பத்தினித் தெய்வம் என்று வணங்கி, அவள் கதையைத் தம் மொழியில் நெடும்பாடல்களாகப் பாடுகின்றனர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் அவ்வழிபாட்டை விரிவாக ஆராய்கிறது. இங்கே கொம்புமுறி, அங்கே அங்கெலிய என்று கொம்பு கொளுவி இழுக்கும் ஆட்டமும் இருசாராருக்கும் பொதுவாயிருந்தது.

ஏடுகளில் மட்டும் உறங்கிய வழக்குரையை அச்சில் ஏற்றிய பெருமை மண்டூரைச் சேர்ந்த வித்துவான் வி. சீ. கந்தையா அவர்களுக்கு உரியது. 1964-ஆம் ஆண்டில் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலைத் தந்த அவர், 1968-இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். அதற்கு முன் 1940-ஆம் ஆண்டிலேயே தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் திரட்டி வெளியிட்டிருந்தார். இவ்விருவரும் அன்று உழைத்திராவிட்டால், 1990-ஆம் ஆண்டளவில் ஊர்கள் பல இடம்பெயர்ந்தபோதும், 2004 மார்கழியில் கடல் பொங்கி இக்கரையை அடித்தபோதும் வீட்டு ஏடுகளோடு பாட்டும் போயிருக்கும் என்று அஞ்சுவதற்கு இடமுண்டு.

ஆயினும் அச்சு காத்தது சொல்லை மட்டுமே. எந்தக் காதையை எந்த மெட்டில் எடுப்பது, எங்கே இழுப்பது, எங்கே விரைவது, புலம்பலில் குரல் உடையும் இடம் எது என்பவை புத்தகத்தில் இல்லை. அவை படிப்போரின் தொண்டையில் இருக்கின்றன. ஒருவர் வரி எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்ந்து பாடிப் பாடியே இது கைமாறி வந்தது. ஊருக்கு ஊர் மெட்டும் சிறிது வேறுபடும். இன்று ஒலிபெருக்கி ஓசையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. பக்கத்தில் அமர்ந்து கேட்டுக் கற்கவேண்டிய இளைஞனை அதே ஒலிபெருக்கி வீட்டிலேயே இருத்திவிடுகிறது. கையடக்கத் தொலைபேசியில் ஓர் இரவுப் பாட்டையேனும் முழுமையாகப் பதிந்துவைப்பது இக்காலத்தில் அரிய செயலன்று. பாடுவோரின் ஊர், காதையின் பெயர், பாடிய நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், பின்னொருநாள் இசைவல்லார் எவரேனும் அம்மெட்டுக்களைச் சுரப்படுத்தக் கூடும். திருமறையென்று கருதிப் பதிவுசெய்யத் தயங்கும் கோயில்களில் அவர்களின் இசைவைப் பெற்றே செய்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஒன்றைமட்டும் பதிவுக் கருவி பிடிக்காது. வழக்குரையைக் கேட்போர் வெறுங் கேட்போர் அல்லர். கலியாணக்கால் நாட்டும்போது அவர்கள் மணவீட்டார், கொலைக்களத்தில் இழவு வீட்டார், அவைக்களத்தில் சாட்சிகள், குளிர்ச்சியில் வேண்டுவோர். பாட்டின் ஒவ்வொரு நடைமாற்றத்திலும் அவர்களின் இருக்கையும் மாறுகிறது. குளிர்த்தி முடிந்து, தீர்த்தம் தலையிற் பட்டு, மக்கள் கலைந்து வாவிக்கரையும் கடற்கரையுமாகப் பிரிந்து செல்வர். பல ஊர்களில் அதன்பின் கோயிற் கதவு சாத்தப்பட்டு, மறு வைகாசிவரை திறக்கப்படுவதில்லை.